பெட்டிக்குள் இருந்த பஞ்சு

மச்சான்,

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற தேநீர்க்கடையில் உட்கார்ந்துகொண்டு இதைத் தொடங்குகிறேன். நீ போய்ச் சேர்ந்த முப்பத்தோராம் நாள் பூசை நேற்று நம் மாதா கோவிலில் முடிந்தது. அங்கே நான் ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அதை உன்னிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஆனால் இந்தக் கடையின் பிரிஜ் என்னை எழுதவிட்டால்தானே! உறுமலுக்கு நடுவில் ஒரு கரகரப்பு. கடைக்காரர் அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். பிறகு, மோட்டார் போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும் என்று என்னிடமே அழுதார்.

நான் எழுந்து போய் ஒரு சிகரெட் அட்டையை மடித்து, தரையில் ஒட்டாமல் நின்ற அதன் பின்கால் ஒன்றுக்குக் கீழே செருகினேன். கரகரப்பு நின்றது. "நீங்க மெக்கானிக்கா ஐயா?" என்று கேட்டார். இல்லை, மெக்கானிக்கின் பெட்டி தூக்கி என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

"சத்தம் போடுறதப் பார்க்காத. கூட ஆடுறது எதுன்னு பாரு." எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! ஆம்பிளிபையரைப் பற்றிச் சொன்னாயா, ஆட்களைப் பற்றிச் சொன்னாயா என்று அப்போது நான் யோசித்ததில்லை. யோசிக்கிற வயதா அது?

உன் ஆம்பிளிபையர் பிறந்த கதையை உன்னைத் தவிர முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அக்கரப்பத்தனைப் பக்கம் நம் தேயிலைத் தோட்டத்தில், உத்தியோகத்தர்களின் ஸ்டாப் கிளப்பில் படம் காட்டுகிற மெஷின் ஒன்று இருந்தது. அது கெட்டுப்போனதும் கிளப்புக்குப் பின்னால் மழைத்தண்ணீர் சொட்டுகிற இடத்தில் போட்டுவிட்டார்கள். நீ ஸ்டோரில், அந்தத் தேயிலை பாக்டரியின் மெஷின் ரூமில், வேலை பார்த்தவன். எதையும் கழற்றிப் பார்க்காமல் உன் கை சும்மா இருக்காது. கேட்டு வாங்கி வந்து, அதன் சத்தப் பெட்டியை மட்டும் பிரித்தெடுத்தாய். கண்ணாடிக் குழாயாய் நான்கு வால்வு. ஒன்று செத்திருந்தது. மற்ற மூன்றும் துரு வாசத்தோடு மெல்லச் சிவந்தன. அப்போது நீ போட்ட கூச்சலைக் கேட்டு, இலை வாட்டுகிற மாடியிலிருந்தவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று இறங்கி ஓடிவந்தார்கள்.

கிட்டாரையும் நீயே செய்தாய். பலாப்பலகை உடம்பு, பழைய டெலிபோனில் இருந்து எடுத்த காந்தம், கிளப்பின் உடைந்த பியானோவிலிருந்து தடித்த கம்பிகள் நான்கு. ஹட்டனில் ஒரு கல்யாணத்தில் கொழும்புக்காரர்கள் பேஸ் கிட்டார் வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து உனக்கு வேறு நினைப்பே கிடையாது. "மத்ததெல்லாம் காதுல கேக்குது மச்சான். அது நெஞ்சுல வந்து தட்டுது" என்றாய். எனக்கு அப்படி ஒன்றும் தட்டவில்லை. அன்று என் கவனமெல்லாம் பிரியாணியில் இருந்தது.

ஆனால் பெட்டியில் போட்டு வாசித்தால் அந்தத் தட்டல் வரவில்லை. தகரத்தில் கல் விழுந்ததுபோல் ஒரு ஓசை. எங்கேயோ ஒரு பழைய ரேடியோப் புத்தகம் பிடித்து, எழுத்துக்கூட்டி வாசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தாய். அது ஆட்கள் பேசுகிற சத்தத்துக்காகச் செய்த கருவி. பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று, அடிச்சத்தம் உள்ளே போகிற வழியை வேண்டுமென்றே சின்னதாக வைத்திருந்தார்கள். "பாத்தியா, அடியில இருக்கிறவன் சத்தம் வேணாம்னு வெட்டி வச்சிருக்கான். வெட்டுனத நாம ஒட்டுவோம்." சின்னக் கண்டன்சர்களைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றைப் பற்றவைத்தாய். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சர் கடிக்கும் என்பதை எனக்கு வாயால் சொல்லவில்லை. என் விரலை வைக்கவிட்டு, நான் துள்ளிக் குதித்ததைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதற்கு நான் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு வந்தது அந்தக் கரகரப்பு. ஸ்பீக்கருக்குப் பெட்டி வேண்டுமே. நமக்குப் பெட்டிக்கா பஞ்சம்? உடைந்த தேயிலைப் பெட்டிகள் இரண்டை ஒன்றாக்கி, முன்னால் வட்டமாக வெட்டி, ஸ்பீக்கரை மாட்டினாய். தடித்த கம்பியைத் தொட்டால் போதும், உள்ளே குளவி புகுந்ததுபோல் இரைச்சல். மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தக் குளவியைத் தேடினோம். வால்வுகளை மாற்றிப் போட்டாய். வைத்த ஈயத்தையெல்லாம் உருக்கி மறுபடி வைத்தாய். எர்த் கம்பியை ஆற்றங்கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்ப் புதைத்தாய். நான்காவது ஞாயிறு, கோபத்தில் பெட்டியின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டு வாசித்தபோது இரைச்சல் நின்றது. கையை எடுத்தால் வந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், தேயிலைக்குப் போடுகிற ஈயத்தாள் அப்படியே பளபளத்துக்கொண்டிருந்தது! வேறு ஊர்க்காரனாக இருந்தால் பெட்டியைத் திறந்ததும் அதைக் கிழித்து எறிந்திருப்பான். நாம் பிறந்தது முதல் பார்த்த பெட்டி ஈயத்தாளோடு சேர்ந்த பெட்டி. அது தனிப் பொருள் என்றே நமக்குத் தோன்றவில்லை.

தாளைக் கிழித்ததும் பலகை மட்டும் லேசாக அதிர்ந்தது. அதற்குத்தான் பஞ்சு. சல்லடை அறையின் உத்தரங்களில், இலையின் ரோமமும் நாரும் சேர்ந்து பழுப்பாய்ப் படியுமே, அது. குடிக்கவும் ஆகாது, விற்கவும் ஆகாது. ஆனாலும் ஸ்டோரிலிருந்து ஒரு பிடி வெளியே போகக்கூடாது, சுண்ணாம்பு கலந்து புதைக்க வேண்டும் என்பது சட்டம். நீ அதைச் சீனிச்சாக்குத் துணியில் தைத்துப் பெட்டியின் உட்சுவர்களில் அறைந்துகொண்டிருந்தபோது ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயாவே வந்து நின்று பார்த்தார். "என்னடா இது, பெட்டிக்கு மெத்தை தைக்கிறியா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். நானும் நின்றேன். என் காதாலேயே கேட்டேன்.

அன்று நீ தடித்த கம்பியைத் தட்டினாய். எனக்கு முதல் முறையாக நெஞ்சில் தட்டியது. ஜன்னல் கண்ணாடிகூட அதிராமல், உருண்டையாக, நிதானமாக வந்து தட்டியது. இன்னொரு தரம் தட்டு என்றேன்.

கிறிஸ்மஸுக்கு முன் ஸ்டாப் கிளப்பில் நடனம். ஹட்டனிலிருந்து வர வேண்டிய பேண்டில் பேஸ் வாசிக்கிறவனுக்குக் காய்ச்சல். டீமேக்கர் ஐயாதான் கிளப்புக்குச் செயலாளர். உன்னைக் கூப்பிட்டனுப்பினார். நீ வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, மாப்பிள்ளை மாதிரி வந்தாய். பெட்டியின் ஒரு பக்கம் நீ, மறுபக்கம் நான். இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆபீஸ் கிளாக்கர்மார் வீட்டுப் பெண்கள் காகிதப்பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையின் நடுவில் பெட்டியை வைத்தோம்.

"அங்க இல்ல" என்றார் டீமேக்கர். "திரைக்குப் பின்னால வை. நீயும் அங்கயே உக்காந்து வாசி."

"ஏங்கய்யா?"

"லயத்துல குடியிருக்கிற கூலி ஆளு முன்னால நின்னா நல்லாவா இருக்கும்? ஸ்டாப் குடும்பங்க வர்ற எடம்டா இது."

நீ குரலை உயர்த்தவில்லை. "சத்தம் முன்னால வரணும், ஆளு மட்டும் பின்னால இருக்கணும். அது எப்படிங்கய்யா? ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். இல்லேன்னா ரெண்டும் வராது" என்றாய். பிளக்கைப் பிடுங்கினாய். வயரைச் சுற்றினாய். என்னைப் பார்த்து, "மச்சான், தூக்கு" என்றாய்.

தூக்கினேன். பின்கதவு பக்கத்திலேயே இருந்தது. நீ முன்கதவுக்கு நடந்தாய். காகிதப்பூக்களுக்கு நடுவே, நாற்காலிகளுக்கு நடுவே, அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். மனசு குதித்தது. நானும் ஒரு வீரன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு நடனம் சோபிக்கவில்லை என்று மறுநாள் கேள்விப்பட்டோம். பாட்டு எல்லாம் இருந்ததாம். ஆட வந்தவர்களுக்கு மட்டும் கால் எழும்பவில்லையாம். என்ன குறை என்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். அதைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பு!

திங்கட்கிழமை, ஸ்டோரில் வைத்திருந்த பெட்டியை நீ வீட்டுக்குக் கொண்டுபோகும்போது, ஸ்டோர் வாசலில் வாட்சர் அதைப் பிடித்துத் திறந்தார். பஞ்சை வெளியே இழுத்துப் போட்டார். தேயிலைத் திருட்டு என்றார்கள். ஆபீஸ் வராந்தாவில் உதவி மேனேஜரான சின்னத்துரை விசாரணைக்கு உட்கார்ந்தார். டீமேக்கர் அந்தப் பஞ்சை முன்பின் பார்த்ததே இல்லை என்றார். குற்றம் நிரூபணமானால் உனக்கு ஸ்டோர் இல்லை. துரை நினைத்தால் தோட்டத்தைவிட்டு நீக்குகிற பத்துச்சீட்டு எழுதி, குடும்பத்தோடு லயத்து வீட்டைவிட்டே அனுப்பலாம்.

நீ கெஞ்சுவாய் என்று எதிர்பார்த்தார்கள். நீயோ வெந்நீர் கேட்டாய்.

"தொரை, இது தேயிலைன்னா நான் திருடன். ஒத்துக்கிறேன். தேயிலையா இல்லையான்னு ஊத்திக் குடிச்சுப் பார்த்துடலாம். டீமேக்கர் ஐயா குடிக்கட்டும்."

டீமேக்கரின் முகம் கறுத்தது. தேயிலை என்றால், அவர் ஸ்டோரில் இவ்வளவு கேவலமான தேயிலையும் இருக்கிறது என்று ஆகும். இல்லையென்றால் வழக்கே இல்லை. குடிக்க மாட்டேன் என்றார். சின்னத்துரைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, வேற யாரு குடிக்கிறது?" என்றார்.

நீ திரும்பி என்னைக் காட்டினாய்.

"இவன்தாங்க தெனமும் பத்து மணிக்கு ருசி பாக்குற மேசையில கோப்பை வைக்கிறான். ஐயாவுக்கு முன்னால இவன்தான் நாக்குல வச்சுப் பாக்குறான். இவன் சொல்லட்டும். என்ன சொன்னாலும் நான் கட்டுப்படுறேன்."

நான் பஞ்சைத் தராசில் நிறுத்தேன். சின்ன மூடிக்குவளையில் போட்டேன். கொதிநீர் ஊற்றினேன். மணல்கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். மணல் இறங்குகிற அவ்வளவு நேரமும் நீ என்னைப் பார்க்கவே இல்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? முடிந்த காரியம் என்று நினைத்தாய். வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு, ஏதோ ஒரு தாளத்தைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாய். டீமேக்கர் என்னைப் பார்த்தார். சும்மா பார்த்தார்.

உறிஞ்சினேன். வைக்கோலும் சாக்கும் புகையும். அதில் தேயிலை மருந்துக்கும் கிடையாது. எச்சிற்சட்டியில் துப்பினேன்.

"சொல்லு. தேயிலையா, இல்லையா?" என்றார் சின்னத்துரை.

"கொஞ்சம் வாசம் இருக்குதுங்க" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். பொய்கூட இல்லை என்று என்னை நானே பல வருஷம் ஏமாற்றிக்கொண்டேன். ஸ்டோரில் கிடக்கிற பழைய செருப்புக்குக்கூட அந்த வாசம் உண்டு. வீட்டில் கைக்குழந்தை, எனக்கு வேறு தொழில் தெரியாது என்றெல்லாம் இப்போது அடுக்கலாம். உனக்கும்தான் வீட்டில் குழந்தை இருந்தது. பயந்தேன் மச்சான். அதற்கு வேறு பெயர் கிடையாது.

நீ தூணைவிட்டு நிமிர்ந்தாய். என்னைத் திட்டவில்லை. "சொன்னபடி கட்டுப்படுறேங்க" என்று சின்னத்துரையிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாய். தொழிற்சங்கத்துக்காரர்கள் வந்து பேசியதால் லயத்து வீடு தப்பியது. ஸ்டோர் போனது. மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் உன் கையில் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். நுணுக்கமான வால்வுகளைத் தொட்ட கை தேயிலைச் செடியின் மிலாறுக் குச்சி வெட்டியது. பெட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். பஞ்சைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள், என் கண்ணெதிரிலேயே.

ஒன்றரை மாதம் நீ என்னோடு பேசவில்லை. நீ வருகிற வழியில் நான் வரமாட்டேன். பிறகு கோவில் திருவிழாவுக்கு முந்திய மாலை, நல்ல மழையில் என் வீட்டுக் காம்பரா வாசலில் வந்து நின்றாய். தோளில் கம்பளி இல்லை, கிழிந்த சாக்கு ஒன்றைப் போர்த்தியிருந்தாய்.

"பெட்டி கனக்குது. வந்து ஒரு கை புடி."

"மச்சான், என்னை மன்னிச்சிடு" என்று ஆரம்பித்தேன்.

"மன்னிக்கிறது சாமியாரு வேல. நீ பெட்டியத் தூக்கு."

போய்த் தூக்கிய பிறகுதான் தெரிந்தது. மழைக்காலம் முழுவதும் மலையில் உன் உடம்பைக் காப்பாற்ற வேண்டிய கம்பளியை வெட்டிப் பஞ்சு இருந்த இடத்தில் அறைந்திருந்தாய். ஓடிப்போய் என் கம்பளியைக் கொண்டுவந்து, இதையாவது போட்டுக்கொள் என்று நீட்டினேன். நீ தடவிப் பார்த்தாய். நல்ல தடிமன் என்றாய். கத்தியை எடுத்து அதையும் வெட்டி உள்ளே அறைந்தாய்! "ரெண்டு கம்பளின்னா இன்னும் நல்லாக் கேக்கும்" என்றாய். அந்த வருஷம் நாம் இரண்டு பேருமே சாக்கு போர்த்திக்கொண்டுதான் மழையில் போனோம். தோட்டம் சிரித்தது. எனக்கு அது கிடைக்க வேண்டிய நனைதல்தான்.

திருவிழாவில் வேதம் சொல்லித்தருகிற உபதேசியார்கூட, பெட்டி அசிங்கமாக இருக்கிறது, ஓரமாக வைக்கலாமே என்றார். நீ மேடையின் முன் விளிம்பில், புனிதரின் சுருவச் சிலைக்கு அடுத்தபடியாக வைத்தாய். வாடகை ஜெனரேட்டர் இருமிக்கொண்டு ஓடியது. முதல் வரிசை நாற்காலிகளில் டீமேக்கர் குடும்பம். நீ தடித்த கம்பியைத் தட்டியதும் அந்த நாற்காலிகள் நடுங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவருக்கும் நெஞ்சில் தட்டியிருக்கும். தட்டாமல் போக அதற்கு வழியே இல்லை. நீதான் எல்லா வழியையும் பெரிதாக்கி வைத்திருந்தாயே.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக நாம் வாசிக்காத திருவிழா இல்லை, பொகவந்தலாவை வரைக்கும். பெட்டியின் மறுபக்கம் எப்போதும் நான். நான் எதையாவது இழுத்துப் பேசினால் போதும், "கொஞ்சமா, நெறையவா? சரியாச் சொல்லு" என்று கண் சிமிட்டுவாய். கறிக்கு உப்பு போதுமா என்று உன் வீட்டுக்காரி கேட்கும்போதுகூட விடமாட்டாய். "அவனக் கேக்காத, கொஞ்சம்னுதான் சொல்லுவான்" என்பாய். அவளுக்கு விஷயம் தெரியாது. நீ வீட்டில் சொல்லவே இல்லை. பஞ்சு எடுத்தது தப்பு, மாட்டிக்கொண்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தாய். உன் பிள்ளைகள் அப்பன் ஒரு காலத்தில் திருடி அகப்பட்டவன் என்று நம்பிக்கொண்டே வளர்ந்தார்கள், எனக்காக.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் தேநீர். டீமேக்கரின் மகன் இப்போது கோவில் பங்குச் சபையில் பெரிய ஆள். அவர் எழுந்து உன்னைப் புகழ்ந்தார். நல்ல மனிதர், நன்றாகத்தான் பேசினார். "இசை மேல இருந்த ஆசையில ஸ்டோர் வேலையையே தானா உதறிட்டு வந்தவர்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எது கூட ஆடுகிறது என்று பார்த்தேன். என் தலையும் ஆடிக்கொண்டிருந்தது.

எழுந்துவிட்டேன். மைக்கை நீட்டினார்கள், வேண்டாம் என்றேன்.

"அவன் வேலையை விடல. விட வச்சாங்க. விட வச்சது நான். அந்தப் பெட்டிக்குள்ள இருந்தது தேயில இல்ல. ஒரு சொட்டு, ஒரு இம்மிகூடத் தேயில இல்ல. குடிச்சவன் நான். அன்னைக்குக் கேட்டப்போ மழுப்பிச் சொன்னேன். இப்ப முழுசாச் சொல்றேன். அவன் திருடன் இல்ல."

டீமேக்கரின் மகன் என் தோளைத் தொட்டு, "பழைய கதை, இப்ப எதுக்கு ஐயா? அவரும் எங்க அப்பாவும் போய்ச் சேர்ந்துட்டாங்க" என்றார். நான் போய்ச் சேரவில்லையே தம்பி என்றேன். கையைத் தட்டிவிட்டேன். உன் மூத்தவன் அழுதான். அவனை அப்படி நான் பார்த்ததில்லை.

உன் வீட்டுக்காரி மட்டும் அழவில்லை. வாசல்வரை என்னோடு நடந்து வந்தாள். "அண்ணே, அந்த மனுசன் உசிரோட இருந்தப்ப இத ஒரு தடவை சொல்லியிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சொல்லியிருக்கலாம், தங்கச்சி. ஆனால் இனிமேல் நிறுத்தப்போவதும் இல்லை. தோட்டத்தில் சொல்வேன், சங்கத்தில் சொல்வேன், இந்தக் கடைக்காரர் இன்னொரு தேநீர் கொண்டுவந்தால் அவரிடமும் சொல்வேன். பின்வரிசைக்கும் கேட்கும்படி சொல்வேன். இதன் மறுபக்கத்தைப் பிடிக்க நீ இல்லை, மச்சான். பரவாயில்லை. தனியாகவே தூக்குகிறேன், முன்வாசல் வழியாக.